அவருக்கு மிஞ்சிய இந்தி

"சஷ்மா" என்றார் என் கணவர்.

திருநெல்வேலி மருத்துவமனையில் அவர் கண் விழித்த மறுநாள் காலை அது. வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. வலது கை போர்வைக்கு மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடந்தது. ஆனால் குரல் அவருடைய குரல்தான். அதைக் கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"என்னங்க? என்ன வேணும்?"

"சஷ்மா. சஷ்மா கஹான் ஹை?"

எனக்குத் தெரிந்து எங்கள் உறவில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் அவர் ராணுவத்தில் இருந்தார். நான் தென்காசியில் இருந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மீதி நாளில் எங்கே, யாரோடு, என்ன பேசிச் சிரித்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற நர்ஸ் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"மகளாம்மா?"

"இல்லம்மா. ஒரே பையன்."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காதது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்தவர் திருவேங்கடம் பக்கத்துக்காரர். அவரும் முன்னாள் ராணுவம். நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெல்ல எழுந்து வந்தார்.

"யம்மா, சஷ்மான்னா ஆளு இல்ல. மூக்குக்கண்ணாடி. அண்ணாச்சி கண்ணாடி எங்கன்னு கேக்குதாவ."

பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன். கண்ணாடி வழியாக என்னை நன்றாகப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. கண் கலங்கியது. "உலகு" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"துமாரா சேஹரா..." என்று தொடங்கி ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி

இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் என் கல்லூரி நாட்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். ஆங்கில இலக்கியப் பேராசிரியை என்றாலும் எனக்கு ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் மொழியியல் அறிமுகம்தான். கவிதையும் நாடகமும் நடத்த எல்லோரும் போட்டி போடுவார்கள். நாக்கு எங்கே தொட்டால் எந்த ஒலி பிறக்கும் என்று கரும்பலகையில் வாயின் குறுக்குவெட்டுப் படம் போட யாருக்கும் ஆசை இல்லை. எனக்கு இருந்தது.

அதற்குக் காரணம் பண்பொழி. நான் பிறந்து வளர்ந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். பலாப்பழத்தை எங்கள் வீட்டில் 'சக்கை' என்போம். தென்காசிப் பள்ளியில் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரையில் அப்படியே எழுதினேன். ஆசிரியை சத்தம் போட்டுப் படித்து, "இது மலையாளம்லா, தமிழா எழுதுட்டி" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இத்தனை நாளும் நான் இரண்டு மொழி பேசியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்!

மூளையில் அடிபட்டவர்களின் பேச்சைப் பற்றியும் பாடத்தில் ஒரு பத்தி உண்டு. இரண்டு மொழி தெரிந்தவருக்குப் பக்கவாதம் வந்தால் சில நேரம் இரண்டும் சேர்ந்தே திரும்பும். சில நேரம் ஒன்று முந்தும். முந்துவது தாய்மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வருஷா வருஷம் இதை நடத்துவேன். "தேர்வில் வர வாய்ப்பு குறைவு" என்று சொல்லி அடுத்த பக்கம் திருப்புவேன்.

மருத்துவர் அதே பத்தியைத் தமிழில் எனக்குச் சொன்னார். "நீங்க பேசுற தமிழ் அவருக்கு ஓரளவு புரியும்மா. நீளமாப் பேசினா களைச்சிருவாரு. திருப்பிச் சொல்லத்தான் வரல. இப்போதைக்கு இந்திதான் வழி விடுது. தமிழ் வரலாம். எப்பன்னு சொல்ல முடியாது."

"வராமலும் போகலாமா டாக்டர்?"

அவர் பொய் சொல்லவில்லை. "போகலாம்" என்றார்.

அண்ணன் வந்தான்

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் முழுதாகத் தெரிந்தது. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை இவற்றுக்கெல்லாம் சைகை போதும். ஆனால் மனிதன் அதற்காக மட்டுமா பேசுகிறான்? ஜன்னலுக்கு வெளியே பார்த்து எதையோ சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் விழிப்பேன். இன்னொரு முறை சொல்வார். மூன்றாவது முறை சொல்ல மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். நாள் போகப் போக முதல் முறை சொல்வதும் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். கையும் காலும் தேறிக்கொண்டிருந்தன. ஆள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

என் அண்ணன் சண்முகம் பார்க்க வந்தான். தென்காசியில் அரிசிக் கடை வைத்திருக்கிறான். இந்தி என்றாலே கொதிப்பவன். மாணவனாக இருந்தபோது ஊர்வலம் போய் அடி வாங்கியவன். மாப்பிள்ளை வாயிலிருந்து இந்தியாக வருவதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அண்ணே, நான் இந்தி படிக்கலாம்னு இருக்கேன்."

"படி. அதுக்கு எதுக்கு இப்பிடி முழிக்க?"

"நீ ஏதும் நெனைப்பியோன்னு..."

"ஏட்டி, திணிச்சா நான் இன்னிக்கும் ரோட்டுக்கு வருவேன். மாப்ள தண்ணி கேட்டா எந்திரிச்சுக் குடுக்கணும்லா? ரெண்டும் வேற வேற." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "ஆமா, நல்லாருக்கீங்களான்னு அவுக பாசையில எப்பிடிக் கேக்கணும்?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் மாடியைப் பார்த்தோம்.

மாடி வீட்டு நேஹா

மாடியில் நேஹா குடியிருந்தாள். மத்தியப் பிரதேசத்துப் பெண். இங்கே ஒரு வங்கிக் கிளையில் வேலை. அதுவரை நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில், தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் குப்பை வண்டியைப் பற்றியும் மட்டுமே பேசியிருந்தோம்.

அன்று அவள் கீழே வந்து அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கைசே ஹைன், அங்கிள்?" என்று நலம் விசாரித்தாள். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்தவர் மாதிரி ஆகிவிட்டார். பத்து நிமிஷம் திக்கித் திணறிப் பேசினார். அவள் சிரித்தாள், தலையாட்டினாள். நான் கதவோரம் நின்றேன். பொறாமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"ஆன்ட்டி, அங்கிள் என்ன சொல்றாங்க தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "பக்கத்து வீட்டு வேப்பமரத்துல ஒரு கொம்பு முறிஞ்சு தொங்குதாம். கீழே குழந்தைங்க விளையாடுதாம். தினமும் ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்காராம்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். சாயங்காலம் அவள் எனக்கு இந்தி, நான் அவளுக்குத் தமிழ்.

அவளுக்கும் அது அவசரமாகவே இருந்தது. கைபேசிச் செயலியில் தமிழ் படித்திருந்தாள். "தாங்கள் இங்கே கையொப்பம் இட வேண்டும்" என்பாள். கவுன்டருக்கு வரும் ஆச்சிமார் "என்னத்தச் சொல்லுதா இவ?" என்று பின்னால் நிற்பவரைக் கேட்பார்கள். ஒருநாள் ஒருவர், தமிழ் தெரியாமல் எதற்கு இங்கே வந்தாய் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். மாடிக்குப் போய் அழுதிருக்கிறாள். எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. தன் பணத்தை எடுக்க வரும் கிழவி எதற்காக அடுத்த மொழி படிக்க வேண்டும்? வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைதான் என்ன செய்யும்?

செயலியை மூடச் சொன்னேன். "ஆச்சி, இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் கற்றுக்கொடுத்தேன். 'இங்கன'வை அழுத்திச் சொல்லச் சொன்னேன். அடுத்த வாரம் துள்ளிக்கொண்டு வந்தாள். ஓர் ஆச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏ தாயி, நல்லாப் பேசுதியே" என்று கன்னத்தைத் தடவினாளாம்.

ஒற்றைக்கண்ணன்

இரண்டாம் மொழியை மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று பல வருஷம் பாடம் நடத்தியவள் நான். முதலில் மௌனமாகக் கேட்கும் காலம் ஒன்று இருக்கும், அவசரப்படுத்தக் கூடாது என்பேன். தாய்மொழியின் ஒலிகள் புது மொழிக்குள் புகுந்து குழப்பும் என்பேன். கற்பவரின் தவறு சோம்பேறித்தனம் இல்லை, பாதி வழியில் அவர் தனக்கென்று கட்டிக்கொள்ளும் ஓர் இலக்கணம் என்பேன். எல்லாம் சரியான விஷயங்கள்தான். அறுபதை நெருங்கும் வயதில் அதே வழியில் நடந்தபோதுதான், அந்த வழியில் எவ்வளவு கல் கிடக்கிறது என்று தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் தைரியமாக அவர் முன் நின்று, சாப்பாடு வேண்டுமா என்று இந்தியில் கேட்டேன்.

"காணா சாஹியே?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு உதடு துடித்தது. தோள் குலுங்கியது. வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறிப் போனேன். இல்லை. சிரிக்கிறார். மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மறு கண்ணால் என்னைப் பார்த்து, "காணா? காணா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் நேஹா விளக்கினாள். சாப்பாட்டுக்கான சொல்லில் முதல் எழுத்து மூச்சோடு வெடித்து வர வேண்டும். நான் தமிழ் 'கா'வையும் மூன்று சுழி 'ண'வையும் போட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் ஒற்றைக்கண்ணன் என்றுதான் காதில் விழுமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒற்றைக்கண்ணன் வேண்டுமா என்று புருஷனைக் கேட்டிருக்கிறேன்.

வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு பட்டு அது ஆடும்வரை அந்த ஒலியைப் பழகினேன். இதே வித்தையை எத்தனையோ வகுப்பில் மாணவிகளுக்குக் காட்டியிருக்கிறேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி ஆசிரியர் மாதிரி இடது கையை ஆட்டுவார். சரியாக வந்தால் "ஷாபாஷ்!"

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரம் ஒருமுறை வருவாள். "எந்த மொழி வருதோ அதுல பேசிக்கிட்டே இருங்க. பேசுற ஆசை போயிரக் கூடாது. தமிழையும் நிறுத்திராதீங்க" என்றாள். ஒவ்வொரு பொருளையும் இரண்டு மொழியிலும் சொன்னோம். தமிழ்ச் சொல்லை நான் சொன்னதும் அவர் உதடு கூடவே அசையும். ஒலி மட்டும் வராது. தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

மாதங்கள் ஓடின. எனக்கு இந்தி ஒட்டு ஒட்டாக வந்தது. அவர் வேலை பார்த்த ஊர்களின் பெயர், அங்கே குடித்த தேநீர், உறைந்துபோன லாரி எஞ்சினைக் காலையில் எப்படிக் கிளப்புவார்கள் என்பதெல்லாம் தெரியவந்தது. லீவில் வந்தபோது அவர் இதையெல்லாம் சொன்னதே இல்லை. கேட்டால் "அங்கன என்ன இருக்கு, வேலதான்" என்பார். நடந்ததெல்லாம் அவருக்கு இந்தியில் நடந்திருக்கிறது. தமிழில் சொல்லிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அருவிக்கு எதிரே

இந்த வருஷம் சாரல் தொடங்கிய வாரத்தில் குற்றாலம் போனோம். நேஹாதான் கூட்டிப் போனாள். அவள் அருவியைப் பார்த்ததே இல்லை. கூட்டம் சொல்லி மாளாது. அவரை அருவிக்கடியில் நிறுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. எதிரே ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். நேஹா பெண்கள் பக்கம் குளிக்கப் போனாள்.

காற்றோடு தூற்றல் வந்து முகத்தில் அடித்தது. தெரு முழுக்க நல்லெண்ணெய் வாசம். அவர் சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "டண்ட்" என்றார். குளிர். பிறகு "பரஃப்" என்றார். பனி.

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே பேசத் தொடங்கினார். முழு வாக்கியங்கள் இல்லை. ஒரு சொல், ஒரு நிறுத்தம், இன்னொரு சொல்.

நிறையப் பனி. பாதை அடைப்பு. போன் வந்தது.

எந்தப் போன் என்று கேட்க வாயெடுத்தேன்.

"பிட்டியா" என்றார்.

சின்ன மகள்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். ஒரு வாரம்தான் உயிரோடு இருந்தாள். அவர் அப்போது வடக்கே மலையில் இருந்தார். அவரால் வர முடியவில்லை. என் அண்ணன் எஸ்.டி.டி. பூத்துக்கு நடையாக நடந்து, ஒருவழியாக இணைப்புக் கிடைத்து, என்னைப் பேச வைத்தான். நான் சொன்னேன். அந்தப் பக்கம் இரைச்சல். அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "சரி. ஒடம்பப் பாத்துக்க." அவ்வளவுதான். லீவில் வந்தபோதும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பிறகு மகன் பிறந்தான், வளர்ந்தான், வேலைக்குப் போனான். அந்த 'சரி' மட்டும் என்னுள் எங்கேயோ அப்படியே கிடந்தது. இந்த மனுஷனுக்கு அழவே வராது என்று முடிவு கட்டியிருந்தேன்.

இப்போது அவர் அன்று தன் பக்கம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்: போனை வைத்தேன். வெளியே வந்தேன். பிஷ்ட் இருந்தான். பிஷ்ட் என்பவர் அவரோடு லாரி ஓட்டிய மலைநாட்டுக்காரர். அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.

"பிஷ்ட்... மேரா சிர்... கோத் மே. மைன் ரோயா. பூரா தின் ரோயா."

அழுதேன். நாள் முழுக்க அழுதேன். அது புரிந்தது. தலை என்பதும் புரிந்தது. நடுவில் ஒரு சொல் புரியவில்லை.

"கோத்? கோத்னா க்யா?" என்றேன், பாதித் தமிழும் பாதி இந்தியுமாக.

நேஹாவைத் தேடிப் பார்த்தார். கூட்டத்துக்குள் அவள் தெரியவில்லை. இடது கையால் தன் தொடையைத் தட்டினார். காலா? தலையை ஆட்டினார். மறுபடி தட்டினார். தொடையா? அதுவும் இல்லை. எனக்குப் புரிய வைத்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. நெற்றி சுருங்கியது. உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டின.

"ம்..." என்றார். "ம..."

நான் அவர் முகத்துக்கு அருகே குனிந்தேன்.

"மடி."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். என்னைப் பார்த்தார். மறுபடி சொன்னார். இந்த முறை சொல்லோடு அதன் வேற்றுமை உருபும் வந்தது.

"மடில. அவன் மடில."

நான் அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். சுற்றிலும் ஈரத்துண்டும் எண்ணெயுமாக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடைக்காரர், "யம்மா, அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். "நல்லா இருக்காவ அண்ணாச்சி. ரொம்ப நல்லா இருக்காவ" என்றேன். என் முகத்தில் வழிந்தது எல்லாம் சாரல் என்றே அவர் நினைத்திருக்கக்கூடும்.

ஒரு வீடியோ அழைப்பு

அன்றோடு தமிழ் வெள்ளமாக வந்துவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி வரவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு சொல் வந்தது. பிறகு சொற்கள் சேர்ந்து வந்தன. வசவு மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது; அதை அண்ணன் வந்தபோது காட்டினார். அவன் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டு வாங்கினான்.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அவருடைய பழைய ராணுவ நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் விசாரித்து பிஷ்டின் எண்ணைக் கண்டுபிடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டோம். கம்பளித் தொப்பி போட்ட மெலிந்த மனிதர். பின்னால் பச்சை மலை. இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்தினார். இவரும் கத்தினார். அந்த வேகத்துக்கு என் இந்தி தாங்காது. ஓரமாகக் காத்திருந்தேன்.

பிறகு கைபேசியை என்னிடம் கொடுத்தார்.

நேஹா உதவி செய்ய முன்வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. அன்றைக்கு உங்கள் மடி, உங்கள் மடிக்கு நன்றி, இந்த மாதிரி ஏதோ உளறினேன். இந்தியில் மடிக்குக்கூட ஆண்பால் பெண்பால் உண்டு. அது பெண்பாலாம், நான் ஆண்பாலாக்கிவிட்டேன் என்று நேஹா பிறகு சொன்னாள். பிஷ்ட் திருத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாபீஜி" என்றார். அண்ணி. "மைன் பீ ரோயா தா."

என் பக்கத்தில் இருந்தவர் என் கையைத் தொட்டார். எனக்காக அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"அவனும்..." என்றார். "அவனும்... அழுதானாம், உலகு."

எனக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.